நோண்டியும் ஊமை மோடமும்

வீட்டில் அவளுக்கு நோண்டி என்றுதான் பெயர். ஆறு வயதில் இஸ்திரிப்பெட்டியைப் பிரித்துப் போட்டவள். முப்பத்தெட்டு வயதிலும் எதையாவது பிரிக்காமல் அவளுக்குப் பொழுது போகாது. பன்னிரண்டு வருடம் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் குனிந்தே இருந்ததில் கழுத்து முன்னால் வளைந்துவிட்டது. இப்போது சொந்தமாகச் சின்னச் சின்னக் கருவிகள் செய்கிறாள்.

அன்று மதியம் ஒன்றே முக்காலுக்கு மருந்துக் கிடங்கின் குளிரறை வாசலில் நின்றிருந்தாள். உள்ளே குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்துகள். கிடங்குக்குப் பொறுப்பு அவளுடைய சொந்த அக்கா. அக்காவுக்காக அவள் செய்த பெட்டி சுவரில் ஏறக் காத்திருந்தது: உள்ளங்கை அகலத்தில் ஒரு கணினி போர்டு, அதில் செருகிய யூஎஸ்பி மோடம், மோடத்துக்குள் சிம். அறையில் சூடு ஏறினாலும், மின்சாரம் போய் வந்தாலும், அது பொறுப்பானவர்களின் போனுக்குச் செய்தி அனுப்ப வேண்டும்.

மூன்று மணிக்குக் குளிரறையைச் சோதிக்க அதிகாரி வருவார். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகுவார். பத்து நிமிடத்துக்குள் அவர் போனுக்குச் செய்தி வராவிட்டால் குளிரறைக்கு அனுமதி கிடையாது. மருந்தெல்லாம் தொலைவிலுள்ள பெரிய கிடங்குக்குப் போகும், அக்காவுக்கும் அங்கேயே மாற்றல்.

"மாமா, பெட்டியோட பிளக்கை ஏன் எடுத்தீங்க?"

அக்கா புருஷன் எலக்ட்ரீஷியன். சுவரில் துளை போட்டு முடித்துவிட்டு டிரில்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். "டிரில்லுக்கு வேற பிளக் பாயிண்ட் இல்ல மச்சினி. திரும்பச் சொருகிட்டேனே. உன் பெட்டி கோவிச்சுக்கிச்சா?"

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அவள் போனுக்குச் செய்தி மட்டும் வரவில்லை. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு லேப்டாப்பை இணைத்தாள். மோடம் தன்னை மோடம் என்றே சொல்லவில்லை. சிடி டிரைவ் என்று சாதித்தது.

இந்த வகை மோடங்களின் குணம் அது. புதிதாக மின்சாரம் கிடைக்கும்போதெல்லாம், தனக்கான மென்பொருளைச் சுமந்துவரும் சிடி போல முதலில் வேஷம் கட்டும். வேஷத்தைக் கலைக்க ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். முதல் வாரம் பெட்டியை இங்கே கொண்டுவந்து செருகியபோது அதைக் கையால் கொடுத்தாள். பெட்டி எழும்போது தானாக ஓடும்படி எழுதிவைக்க மறந்தாள். பிறகு நாற்பது தடவை சோதித்தாள், நாற்பதும் லேப்டாப்பிலிருந்து ரீஸ்டார்ட் கொடுத்துத்தான். ரீஸ்டார்ட்டில் போர்டுதான் தூங்கி எழும், மோடத்துக்கு மின்சாரம் நிற்பதே இல்லை. பிளக்கைப் பிடுங்குவது முரட்டுத்தனம் என்று கடைக்கு வந்தவர்களையெல்லாம் அதட்டியவள், தானும் ஒரு தடவைகூடப் பிடுங்கிப் பார்க்கவில்லை.

"என்னடி, மூஞ்சி செத்துக் கெடக்கு?" அக்கா எட்டிப் பார்த்தாள்.

"ஒரு வேலையை மறந்துட்டேன்க்கா. மூணு மணிக்குள்ள முடிச்சிடுவேன்."

"முடிப்பியா, இல்ல நான் மூட்டை கட்டட்டுமா?"

கட்டளையை எழுதி, பிளக்கைப் பிடுங்கிச் செருகினாள். ஊமை. போர்டு முந்திக்கொண்டது, மோடம் எழுந்து உட்காரும் முன்பே கட்டளை ஓடி முடிந்திருந்தது. இருபது விநாடி காத்திருந்துவிட்டு ஓடும்படி மாற்றினாள். சேமித்துக்கொண்டிருந்தபோதே வாசலில் ஜீப் நின்றது. மணி இரண்டு முப்பத்தைந்து.

"ரெடியாம்மா?" என்றார் அதிகாரி.

"ரெடி சார்," என்றாள் அக்கா.

"ஒரு மணி நேரம் முன்னாடி வேலை செய்யல சார்," என்றாள் நோண்டி. "இப்பதான் மாத்தியிருக்கேன். பிடுங்கி இன்னும் பார்க்கல."

அக்காவின் பார்வை அவளைச் சுட்டது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, சேர்ந்தே பார்ப்போம்." பிடுங்கினார், ஒரு நிமிடம் விட்டுச் செருகினார்.

நான்காவது நிமிடம் அவர் போன் அதிர்ந்தது. செய்தி. அக்கா மூச்சை விட்டாள், அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"சார், இன்னொரு தடவை பிடுங்குங்க."

அக்கா அவள் இடுப்பில் கிள்ளினாள். "வாயை மூடிட்டு இருடி."

"ஒரு தடவை வந்தது அதிர்ஷ்டமா இருக்கலாம்க்கா."

இரண்டாவது தடவை ஐந்து நிமிடம் போனது. எட்டு. பத்தும் தாண்டியது. போன் அசையவில்லை.

"சும்மா போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டியே மச்சினி," என்றார் மாமா, மெல்ல.

அவள் காதில் விழவில்லை. லேப்டாப்பில் மோடம் மறுபடி சிடி வேஷத்தில் இருந்தது. எழுந்து உட்கார இந்த முறை இருபத்தேழு விநாடி எடுத்திருந்தது. நோண்டி விநாடிக் கணக்கையே அழித்தாள். மோடம் கண்ணில் படும்வரை பார்த்துக்கொண்டிரு, பட்டதும் கட்டளை கொடு, மாறாவிட்டால் திரும்பக் கொடு. அவ்வளவுதான். பத்து நிமிடமாயிற்று. விரல் இரண்டு தடவை தவறான எழுத்தைத் தட்டியது. பேனாவை மூடி வைத்திருந்த அதிகாரி கிளம்பவில்லை, "முடிங்க, மறுபடி பார்ப்போம்" என்று முக்காலியில் உட்கார்ந்தார்.

மூன்றாவது தடவை மூன்றாம் நிமிடத்தில் செய்தி வந்தது. நான்காவதும் அப்படியே. ஐந்தாவது தடவை, யாரும் கேட்காமலே அதிகாரி எழுந்துபோய்ப் பிடுங்கினார். அப்போதும் வந்தது.

'ஐந்தில் ஒரு முறை தவறியது. அனுமதி உண்டு. ஒரு மாதம் நாள்தோறும் சோதிக்க வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஜீப் போனதும் அக்கா காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். "நாள்தோறும்னு போட்டிருக்காரு. யாருடி பார்க்கறது?"

"நான்தான்," என்றாள் நோண்டி. "மாமா, பிடுங்குங்க."