ஹோ சி மின் நகரில் தேடிய விடுதி

திருமணமாகி முப்பது வருடம் கழித்து நானும் கணவரும் வியட்நாம் போக முடிவெடுத்தோம். அவர் தேங்காய் வியாபாரி. "எல்லாம் நீயே பாத்துக்க புள்ள" என்று சொல்லிவிட்டதால், பொள்ளாச்சியில் உட்கார்ந்தபடியே அத்தனையும் நானே பதிவு செய்தேன். விமானம் ஹோ சி மின் நகருக்கு. விடுதி விளம்பரத்தில், 'ஹோ சி மின் நினைவிடத்துக்கு நடந்தே போகலாம்' என்று இருந்தது. அந்நாட்டுத் தலைவராக இருந்தவரின் உடலை வைத்திருக்கும் இடம் அது. அந்தப் பெயரைப் பார்த்ததும் வேறெதையும் நான் பார்க்கவில்லை.

அங்கே இறங்கி, டாக்சி ஓட்டுநரிடம் விடுதியின் முகவரியைக் காட்டினேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். பக்கத்து ஓட்டுநர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். ஒருவர் கைப்பேசியில் வரைபடத்தை விரித்தார். நினைவிடமும் விடுதியும் இருப்பது நாட்டின் மறுகோடியில், ஹனோயில்! காரில் போனால் ஒன்றரை நாளாகுமாம்.

"ஏம்புள்ள, பொள்ளாச்சியில எறங்கி காசிக்கு ஆட்டோ கேட்ட கதையாப் போச்சே!" என்றார் கணவர்.

"அவரு பேர்ல ஒரு ஊரே இருக்கையில, வேற ஊர்ல போய்ப் படுத்திருப்பாருன்னு நான் கண்டனுங்களா?" என்றேன். கோபமாக இருந்தவர் சிரித்துவிட்டார்.

விடுதிக்குப் போன் செய்தேன். அங்கிருந்த பெண் பொறுமையாகக் கேட்டு, ஐந்து நாள் கழித்து வரச் சொன்னார். ரயில் பிடித்து, டா நாங், ஹுவே கோட்டை என்று இறங்கி இறங்கிப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். திட்டத்திலேயே இல்லாத அந்த ஊர்கள்தான் இன்றும் கண்ணில் நிற்கின்றன.

இப்போது பழனிக்கு அறை எடுத்தாலும், அது எந்த ஊரில் இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்த பிறகே பதிவு செய்கிறேன். கணவர் அந்த வரைபடத்தை இன்னொரு முறை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைக் கட்டுகிறார்.