நீதவானிடம் நான் சொன்னது

எழுபதுகளின் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, மெல்பேர்ன் சிறுவர் நீதிமன்றத்தில், என் வாயாலேயே என் மகனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினேன். சில வருடங்கள் போன பிறகும், வீட்டில் தொலைபேசி அடித்தால் நீதிமன்றத்திலிருந்தோ என்றுதான் முதலில் நினைக்கிறேன்.

அவனுக்கு அப்போது பதினைந்து வயது. வகுப்புத் தோழர்கள் இருவருடன் சேர்ந்து, தெருவில் நின்ற யாருடையதோ காரை எடுத்து ஓட்டி, ஒரு வேலியில் மோதினான். அது இரண்டாவது தடவை. முதல் தடவை எச்சரித்து விட்டிருந்தார்கள். இம்முறையும் பெரும்பாலும் வீட்டுக்கு விட்டுவிடுவார்கள் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். நீதவான் என்னைப் பார்த்து, இவனை உங்களால் கட்டுப்படுத்த முடியுமா என்று கேட்டார். நான் எழுந்து தலையைக் குனிந்தேன். "என்னால் முடியாது ஐயா. இனி உங்கள் பொறுப்பு. நீங்கள்தான் திருத்தித் தரவேண்டும்." இதைப் பிழையில்லாத ஆங்கிலத்தில் சொன்னேன்.

யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடம் படிப்பித்தவள் நான். பள்ளி தொடங்கும் ஒவ்வொரு தை மாதமும் பெற்றோர் பிள்ளையைக் கையில் பிடித்து வந்து நிற்பார்கள். "கண்ணை மட்டும் விட்டிட்டு மிச்சத்தை உரிச்செடுங்கோ ரீச்சர். எங்களுக்கு அடங்கிறான் இல்லை." ஆசிரியருக்குக் கொடுக்கும் மரியாதை அது. நான் யாரையும் உரித்ததில்லை. பின்னேரம் பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். அந்த மரியாதையைத்தான் நீதவானுக்கும் செய்தேன். அவர் அதை எழுதிக்கொண்டு, மகனை அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் பார்க்க விடுவார்கள். முதல் இரண்டு ஞாயிறும் அவன் அறையை விட்டு வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்து எதிரே உட்கார்ந்தான். தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். வீட்டில் எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவன், அன்று தமிழில் பேசினான்.

"ஏன் வந்தனீங்கள்? நீங்கள்தானே வேண்டாம் எண்டு குடுத்தனீங்கள்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை, ராசா."

"எல்லாருக்கும் முன்னாலை சொன்னனீங்கள்."

அவனைப் பொறுப்பெடுத்திருந்த அதிகாரியிடம் போனேன். அவர் கோப்பைத் திறந்து காட்டினார். தாய் தன்னால் கட்டுப்படுத்த முடியாதென்கிறார் என்று எழுதியிருந்தது. எங்கள் ஊர் வழக்கத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அடுத்த மாதம் மூவர் குழு ஒன்று அவனை வீட்டுக்கு விடலாமா என்று பார்க்கும், மனதில் உள்ளதை நேராக அங்கே சொல்லுங்கள் என்றார்.

மறுநாளே வேலையிடத்தில் பின்னேர ஷிப்ட்டைப் பகலுக்கு மாற்றித் தரக் கேட்டேன். மேற்பார்வையாளர் இரண்டு முறை மறுத்தார். மூன்றாம் முறை கேட்டபோது தந்தார்.

இரவில் சமையல் முடிந்ததும் குசினியிலேயே, குழுவிடம் சொல்லவேண்டியதைப் பேசிப் பழகினேன். கணவர் கதிரையில் காலுக்குமேல் கால் போட்டு, குழுத் தலைவராக உட்கார்ந்தார்.

"அவன் எப்பிடிப்பட்ட பிள்ளை?"

"கொஞ்சம் குழப்படிதான், ஆனா…"

"சரி, இன்னும் ஆறு மாசம் உள்ளுக்கை இருக்கட்டும். அடுத்த ஆள்!"

"பகிடி விடாதேங்கோ."

"பின்னை ஏன் நிலத்தைப் பாக்கிறீர்? நிமிந்து சொல்லும்."

சொந்தப் பிள்ளையை அந்நியர் முன்னால் புகழ்வது எங்களுக்கு வராது. கண்ணூறு என்று பயப்படுவோம், பெருமையடிக்கிறாள் என்பார்களோ என்று கூசுவோம். அந்தக் கூச்சத்தை விட எனக்கு நாலு வாரம் பிடித்தது.

குழுவின் முன்னால் நிமிர்ந்து நின்றேன். மகன் பக்கத்தில் இருந்தான். "இவன் நல்ல பிள்ளை. செய்தது பிழை. பள்ளிவிட்டு வரும்போது நான் வீட்டில் இருப்பேன். என்னால் கட்டுப்படுத்த முடியும்."

"மறுபடி காரை எடுத்துக்கொண்டு ஓடினால்?" என்றார் தலைவர்.

"நானே தேடிப்போய்க் கூட்டி வருவேன்."

மகன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். மூவரும் தங்களுக்குள் மெதுவாகப் பேசினார்கள். முதலில் சனி, ஞாயிறு மட்டும் வீட்டுக்கு விடுவதாகச் சொல்லி, தலைவர் தாளை என் பக்கம் தள்ளினார். கையெழுத்து வைத்துவிட்டு நான் எழும்பவில்லை.

"மிச்ச ஐந்து நாளுக்கும் கையெழுத்து வைக்க எப்போது வரவேண்டும்?" என்று கேட்டேன்.