கவுன்சிலர் வீட்டம்மா

ஸ்ரீரங்கம் ஒரு காலத்தில் தனி நகராட்சி. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இந்தத் தீவுக்கென்று தனி மன்றமும், தனித் தலைவரும், தனிக் குடிநீர்த் தொட்டியும் இருந்தன. பிற்பாடு அக்கரையில் இருக்கும் பெருநகரத்தோடு எங்களைச் சேர்த்தார்கள். சேர்த்து ஒரு தலைமுறை கடந்துவிட்டது. ஆயினும் காவிரிப் பாலத்தைத் தாண்டுகிற எவரும் இன்றளவும் "திருச்சிக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லித்தான் வீட்டை விட்டுப் புறப்படுகிறார். மாநகராட்சி என்ற சொல் எங்கள் கைக்கு வந்ததே தவிர வாய்க்கு வரவில்லை. மனுவில் மாநகராட்சி என்று எழுதுவோம். பேச்சில் முனிசிபாலிட்டி என்போம்.

கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தின் முன் நின்று என் உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவன் நான். பள்ளிப் படிப்பு குறைவு. நூலகத்து நாளிதழ்களே எனக்கு ஆசிரியர்கள். ஓய்வு பெற்ற பிறகு தெருவாசிகளுக்கு மனு எழுதித் தருவது என் வேலை ஆயிற்று. ஆகவே, இவ்வூரின் நிர்வாகம் கைமாறிய விதத்தை மனுக்களின் முகவரி மாறிய விதமாகவே நான் அறிந்திருக்கிறேன்.

நகராட்சிக் காலத்தில் பெரும்பாலும் மனுவே தேவைப்பட்டதில்லை. தண்ணீர் வரவில்லையென்றால் பெண்கள் காலிக் குடங்களை உறுப்பினர் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைப்பார்கள். அவர் பல் துலக்கக் கொல்லைப்புறம் போவதற்குள் ஆள் அனுப்பிவிடுவார். இணைப்புக்குப் பின் வார்டு என்பது பெரிதாயிற்று. உறுப்பினர் வீடும் தொலைவாயிற்று. பிறகு சில ஆண்டுகள் தேர்தலே நடக்கவில்லை. மன்றம் இல்லை, உறுப்பினர் இல்லை. அதிகாரிகளே அனைத்தையும் கவனித்தார்கள். குறை சொல்ல இடம் இருந்தது. குடம் வைக்க வாசல் இல்லை.

ஆதலால் மறுபடியும் தேர்தல் வந்தபோது எங்கள் தெருவே திருவிழாக் கோலம் பூண்டது. எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. நெடுங்காலமாகக் கட்சி வேலை செய்துவந்த ஒருவர் தம் மனைவியை நிறுத்தினார். வாக்குக் கேட்டு வந்தபோது அவர் முன்னால் நடந்தார். அந்த அம்மாள் ஆரத்தித் தட்டுகளுக்குக் காசு போட்டபடி பின்னால் வந்தார். "எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்க" என்று கணவர்தான் கேட்டார். நாங்களும் அவருக்கே வாக்களித்ததாக எண்ணிக்கொண்டோம். வென்ற மறுநாளிலிருந்து அவரைக் கவுன்சிலர் என்று அழைத்தோம். அந்த அம்மாளைக் கவுன்சிலர் வீட்டம்மா என்றோம். சட்டப்படி கவுன்சிலர் யார் என்பது தெரியாமல் அல்ல. இன்னொருவர் மனைவியிடம் சாக்கடையையும் குழாயையும் பற்றிப் பேசுவது மரியாதை ஆகாது என்பது எங்கள் தெருவின் எழுதப்படாத ஒழுக்கம்.

கவுன்சிலர் என்று நாங்கள் அழைத்தவர் முதல் காரியமாக எங்கள் தெருவுக்குச் சிமெண்ட் சாலை போட்டார். திறப்பு விழாவில் வெடி வெடித்தார்கள். சாலை போட்ட சில நாட்களில் குழாய்த் தண்ணீர் கலங்கிற்று. பிறகு சாக்கடையின் வாடையும் சேர்ந்துகொண்டது. நான் மனு எழுதினேன். தெருவாசிகள் கையெழுத்திட்டார்கள். அவருடைய அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றோம்.

"பெரியவரே, இதுக்குப் போய் மனுவா? ஒரு போன் அடிச்சா போதாதா?" என்று அவர் என்னை உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்தார். "நான் இருக்கேன்ல. எஞ்சினியர்கிட்ட பேசிட்டேன்னு வெச்சுக்கங்க. ஒரு வாரம். அதிகமாப் போனா பத்து நாள். அது இருக்கட்டும், ரோடு எப்படி இருக்கு?"

வெளியே வந்ததும் என் எதிர்வீட்டு ஆட்டோக்காரர் சிரித்தார். "சார், தண்ணி நாறுதுன்னு நாம சொல்றோம். ரோடு எப்படி இருக்குன்னு அவர் கேக்கறார். கவனிச்சீங்களா?"

"பேசிட்டேன்னு சொல்லிட்டாரேப்பா."

"பேசிட்டேன்னு சொல்லலை சார். பேசிட்டேன்னு வெச்சுக்கங்கன்னார்."

அந்த வேறுபாட்டை நான் நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்த மாதத்தில்தான் என் மகளுக்கு வளைகாப்பு. அக்கரையில் மன்னார்புரத்தில் வாழ்க்கைப்பட்டவள், மணமாகி வெகு காலம் கழித்துத் தரித்த கரு. வளையல் அடுக்கிய கையோடு தாய்வீட்டுக்கு அழைத்துவருவது முறை. என் மனைவி தயங்கினாள்.

"ஏங்க, தண்ணி இப்படி இருக்கறப்ப கூட்டிட்டு வரணுமா? சம்பந்தியம்மாவே சொல்றாங்க, சரியாகற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்னு."

"கவுன்சிலர் ஒரு வாரம்னு சொல்லியிருக்கார். நம்ம பொண்ணோட தலைப்பிரசவம். ஊர் என்ன பேசும்?"

அழைத்து வந்தோம். குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்கினோம். சமையலுக்குக் காய்ச்சி வடிகட்டினோம். ஆனால் ஒரு வீடு எத்தனை வழிகளில் தண்ணீரைத் தொடுகிறது என்பதை யாரால் கணக்கிட முடியும்? பல் துலக்கக் குழாயைத் திறந்தோம். தட்டைக் கழுவினோம். அவளுக்கு ஆசையாக இருக்கிறதென்று கொத்துமல்லியை அலசிச் சட்னி அரைத்தோம். ஒரு வாரம் என்பது நீண்டுகொண்டே போயிற்று. நான் வாரந்தோறும் அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் தேநீர் வந்தது. "முடிஞ்ச மாதிரிதான் பெரியவரே" என்ற பதிலும் வந்தது.

ஒரு காலை, என் மகள் கண்ணாடி முன் நின்று, "அம்மா, என் கண்ணைப் பாரேன்" என்றாள். கண்ணின் வெள்ளை, மஞ்சள் நிறமாக இருந்தது.

மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்த பெண் மருத்துவர் எங்களைத் தனியே அழைத்தார். "தண்ணியால வர்ற காமாலை. மத்தவங்களுக்குப் பெரும்பாலும் தானா சரியாயிடும். மாசமா இருக்கறவங்களுக்கு அப்படி இல்லை. தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. நாங்க முடிஞ்சதைச் செய்யறோம். வீட்டுல வேற யாரும் அந்தத் தண்ணியைத் தொடாம பாத்துக்கங்க" என்றார். என் மருமகன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சம்பந்தியம்மாள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஏதேனும் சொல்லியிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

தெருவில் இன்னும் இரண்டு கர்ப்பிணிகள் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. பஸ் பிடித்து நேரே கவுன்சிலர் வீட்டுக்குப் போனேன். அலுவலகத்துக்கு அல்ல, வீட்டுக்கு. கதவைத் திறந்தவர் அந்த அம்மாள். கையில் மாவு ஒட்டியிருந்தது.

"கவுன்சிலர் இருக்காரா அம்மா?"

"அவங்க கட்சிக் கூட்டத்துக்கு மெட்ராஸ் போயிருக்காங்க. வர நாலு நாள் ஆகும். என்ன விஷயம்ங்கய்யா?"

"பரவாயில்லைம்மா. கவுன்சிலர் வந்ததும் நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லுங்க."

திரும்பி இரண்டு படி இறங்கியிருப்பேன். பின்னாலிருந்து குரல் வந்தது. உரத்த குரல் அல்ல, கூச்சப்படுகிறவரின் குரல்.

"ஐயா, நான்தாங்க கவுன்சிலர்."

நான் நின்றுவிட்டேன். அவர் கையிலிருந்த மாவைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, "சொல்லுங்க. உள்ள வந்து சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். தண்ணீரைப் பற்றித் தொடங்கியவன் மகளைப் பற்றிச் சொல்லும்போது சொல் தடுமாறிவிட்டேன்.

"எத்தனை நாளா இப்படி வருது?"

"ரோடு போட்டதிலேர்ந்தும்மா."

"ரோடு போட்டதிலேர்ந்தா! என்கிட்ட யாருமே சொல்லலையேங்க. உங்க வீட்டம்மாவைத் தினம் பால் பூத்துல பாக்கறேன். முழங்கால் வலியைப் பத்திப் பேசறாங்க. பொண்ணு வந்திருக்கான்னாங்க, சந்தோஷம்னேன். இதைச் சொல்லலையே."

"கவுன்சிலர்கிட்ட சொல்லியாச்சேன்னு..." என்று தொடங்கி, முடிக்க இயலாமல் நிறுத்தினேன்.

அவர் அதற்கு மேல் என்னைக் கேட்கவில்லை. கைபேசியை எடுத்து நேரே பொறியாளரை அழைத்தார். அடுப்பை அணைத்துவிட்டு என்னோடு ஆட்டோவில் ஏறினார். நாங்கள் தெருவை அடைந்த சற்று நேரத்தில் பொறியாளரும் ஆட்களோடு வந்துவிட்டார். இளைஞர், கண்ணியமாகப் பேசினார்.

"மேடம், இந்தத் தெருவிலேர்ந்து எனக்குப் புகாரே வரலை. உங்க வீட்டு சார்கூட போன வாரம் என்கிட்ட பேசினார். ரோடு நல்லா வந்திருக்கு, யாரையும் தோண்ட விடாதீங்கன்னுதான் சொன்னார்."

தெரு முழுவதும் கூடியிருந்தது. அந்த அம்மாளின் முகம் வெளிறியது. பிறகு, "தோண்டுங்க" என்றார்.

"புது ரோடு மேடம்..."

"எங்க தோண்டணுமோ அங்க தோண்டுங்க. நான் சொல்றேன்."

சிமெண்டை உடைத்தார்கள். அடியில் நகராட்சிக் காலத்துக் குழாய், கழிவுநீர்க் கால்வாய்க்குள்ளாகச் செல்லும் இடத்தில் விரிசல் விட்டிருந்தது. சாலை போட வந்த கனரக வண்டியின் பளுவைத் தாங்காத குழாய். புதுத் துண்டு வைத்து இணைத்து, மருந்து தெளித்து, பொழுது சாய்வதற்குள் நீரைத் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். தெளிந்த நீர் வந்தது. பெண்கள் குடங்களை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். நான் அதைத் தொட்டுப் பார்க்கவும் துணியவில்லை. மருத்துவமனைக்குப் புறப்பட்டேன்.

குழந்தை தங்கவில்லை. ஆண் குழந்தை என்றார்கள். என் மகள் பல நாட்கள் தன்னினைவின்றிக் கிடந்தாள். ஒவ்வொரு காலையும் மருத்துவர் முகத்தைப் பார்த்தே அன்றைய நிலவரத்தை அறிந்துகொண்டோம். உயிரோடு மீட்டுத் தந்தார்கள். சம்பந்தி வீட்டார் அவளை மன்னார்புரத்துக்கே அழைத்துச் சென்றுவிட்டார்கள். அது நியாயம் என்பதால் நான் எதிர்க்கவில்லை.

ஊருக்குத் திரும்பிய சில நாட்களில் தெருவாசிகள் இருவர் என்னிடம் வந்தார்கள். தெருமுனையில் ஒரு பிளெக்ஸ் வைக்கப் போகிறார்களாம். குடிநீர்ப் பிரச்சினையைத் தீர்த்துவைத்த கவுன்சிலருக்கு நன்றி என்று நான் நல்ல தமிழில் வாசகம் எழுதித் தர வேண்டுமாம்.

"யார் படம் போடப் போறீங்க?" என்று கேட்டேன்.

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? கவுன்சிலர் படம்தான்."

"அந்த அம்மா படமா?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அவங்க படமும் ஓரமா இருக்கும் சார்."

என் கைக்கு எழுத வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வேறொருவர் எழுதிக் கொடுத்தார். பிழை மலிந்த வாசகம். அந்த அம்மாள் மறுபடியும் கணவருக்குப் பின்னால் நடப்பதை இப்போது பார்க்கிறேன். என்னைக் கண்டால் தலையைத் தாழ்த்திக்கொள்கிறார். நானும் அவ்வாறே செய்கிறேன். அவரோடு பேச வேண்டும் என்று எண்ணாத நாளில்லை. எவ்வாறு தொடங்குவதென்று தெரியவில்லை. நன்றி என்றா? இவ்வளவு பக்கத்தில் இருந்தீர்களே என்றா?

போன வாரம் மகளைப் பார்க்க மன்னார்புரம் போயிருந்தேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கைகள் மெலிந்து, அடுக்கிய வளையல்கள் அனைத்தையும் கழற்றிவிட்டிருந்தாள். அவள் அம்மாவைப் பற்றி விசாரித்தாள். எதிர்வீட்டு ஆட்டோக்காரரைப் பற்றி விசாரித்தாள். பிறகு கேட்டாள்.

"அப்பா, அந்தத் தண்ணி சரியாயிடுச்சா?"

"சரியாயிடுச்சும்மா."

"சரி பண்ண எவ்வளவு நாளாச்சு?"

பொய் சொல்லிவிடலாமா என்று எண்ணினேன். பெரிய வேலை, நாளாகும் வேலை, எவர் முயன்றும் உரிய காலத்தில் முடிந்திருக்காது என்று சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கக்கூடும். என் வாய் அதற்கு இணங்கவில்லை.

"ஒரே நாள்தாம்மா. அதுவும் மத்தியானத்துக்கு மேல."

அவள் போர்வையை இழுத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். நான் எழுந்து போகவும் இயலாமல், அவள் முதுகைப் பார்த்தபடி, மருமகன் வேலையிலிருந்து திரும்பும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.