ஞாயிற்றுக்கிழமை மச்சான்

அன்புவழிபுரத்தில் தபாற்கந்தோர் மிஸ் வீடு எது என்று கேட்டால், இரத்தினேஸ்வரியின் வீட்டைத்தான் காட்டுவார்கள். முப்பத்தொரு வருடம் ஊரார் கடிதங்களையெல்லாம் கைமாற்றிவிட்டவள். அவளுக்கென்று வந்த கடிதங்கள் சொற்பம். தாய் தகப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பாரிசில் இருந்த ஒரே தம்பியும் மூன்று வருடத்துக்கு முன் மாரடைப்பில் போனான். அறுபது வயதில், இரண்டு அறை வீட்டில், குரல் என்று கேட்பது வானொலி மட்டும்தான்.

அந்த வீட்டில்தான் ஞாயிறு தோறும் பத்து மணிக்குப் போன் அடிக்கத் தொடங்கியது.

மெல்பேர்னில் இருந்து மெல்வின் ஒக்கர்ஸ். வெள்ளைக்காரக் கலப்புள்ள திருகோணமலைப் பறங்கிக் குடும்பம். பன்னிரண்டு வயதில் கப்பலேறியவர். வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த அவருடைய பூட்டன் யொகான் ஒக்கர்ஸ், சம்பூரில் ஒரு தமிழ்ப் பெண்ணோடும் குடும்பம் நடத்தினாராம். அந்த வழியில் யாராவது இருக்கிறார்களா என்று முகநூலில் கேட்டிருந்தார். தபாற்கந்தோரில் கூட வேலை செய்த ஆனந்தராசா அதைக் கண்டு சொன்னபோது இரத்தினேஸ்வரி அந்தப் பேரை மறுபடி சொல்லச் சொன்னாள். ஒக்கர்ஸ்! அவள் காதால் கேட்ட பேர் அது.

இருபது வயதில் அவளுக்கு ஒரு கலியாணம் பேசினார்கள். சீதனமாக எழுதப்போகும் சம்பூர்க் காணியின் உறுதிப் பத்திரத்தை அப்பா சபையில் உரத்து வாசித்தார். கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றவளின் மனதில் தங்கியது அந்த ஒரு பேர்தான். பிறகு நாடு குழம்பியது, கலியாணமும் நின்றது. 2006இல் ஊரைவிட்டு ஓடியபோது உறுதிப் பெட்டியும் போயிற்று. ஆனால் அப்பாவுக்குப் பூனைக்கண். வெள்ளைக்காரன் கலப்பு என்று ஊரே பகிடி பண்ணும். இனி வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

"எங்கட உறுதியில அவற்ற பேர் இருக்கு," என்றாள் முதல் நாளே.

"அப்ப நீங்க எனக்கு மச்சாள்!" என்றார் மெல்வின். அன்றிலிருந்து அப்படித்தான்.

"மச்சாள், இண்டைக்கு என்ன கறி?"

"சுறா வறை."

"ஐயோ, சொல்லாதேங்கோ! எனக்கொரு பார்சல் கட்டி அனுப்புங்கோ."

"வந்து சேரேக்க நாறிப்போம், மச்சான்."

"நாறட்டும். சம்பூர் நாத்தம்தானே!"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். தன் சிரிப்புச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பியதைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள்.

கண்ணில் வெண்படலம் படர்ந்து ஒரு வருடம். சத்திரசிகிச்சைக்கென்று ஆஸ்பத்திரி தந்த படிவத்தில் 'நெருங்கிய உறவினர்' என்ற கோடு அத்தனை நாளும் வெறுமையாகக் கிடந்தது. இப்போது எழுதினாள்: மெல்வின் ஒக்கர்ஸ், மச்சான்.

உறுதியின் பிரதி ஒன்று அனுப்பச் சொல்லி மெல்வின் கேட்டதால் காணிப் பதிவகத்தில் விண்ணப்பம் கொடுத்தாள். ஆறு கிழமைக்குப் பிறகு பிரதி கைக்கு வந்தது. எழுத்துத் தெரியவில்லை. அந்தப் பதிவகக் கந்தோரில் வேலை செய்யும் அஸ்மியாவிடமே நீட்டினாள்.

"வாசிச்சுச் சொல்லு பிள்ளை. ஒக்கர்ஸ் எண்டு இருக்கும்."

"இருக்கு மிஸ். 'கிழக்கே கடற்கரை, தெற்கே வண்டில் பாதை, மேற்கே கோயிற் காணி, வடக்கே யொகான் ஒக்கர்ஸின் தென்னந்தோட்டம்.'"

"அவர்தானே எழுதிக் குடுத்தவர்?"

"இல்லையே. குடுத்தவர் கந்தப்பர் வேலாயுதர், உங்கட அப்பாவுக்குத் தகப்பன். அவருக்கு அது தகப்பன் வழி முதுசம். தாய் வழியும் சம்பூர் ஆக்கள்தான், இஞ்ச எழுதியிருக்கு." அஸ்மியா சிரித்தாள். "உங்கட வெள்ளைக்காரன் வேலிக்கு அங்காலயே நிண்டுட்டார், மிஸ்."

இரத்தினேஸ்வரி பிரதியை வாங்கி நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

மெல்வினுக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்கத் தெரியாது. பேர் இருக்கும் அந்த வரியைப் படமெடுத்து அனுப்பினால் போதும். ஞாயிறும் இருக்கும், மச்சானும் இருப்பார். நாலு நாள் அதையே நினைத்துக்கொண்டு சோறு பிசைந்தாள்.

ஞாயிறு பத்து மணிக்குப் போன் அடித்தது.

"மச்சாள், எங்கட குடும்ப பைபிளைத் திறந்து வச்சிருக்கிறன். யொகானில இருந்து எல்லாற்ற பேரும் அதில இருக்கு. இண்டைக்கு உங்கட பேரை எழுதப் போறன்."

வேறு எதில் எழுதினாலும் அவள் வாய் திறந்திருக்க மாட்டாள்.

"எழுதாதேங்கோ," என்றாள். "அவர் எங்கட வடக்கு எல்லை மட்டும்தான். எங்களுக்கு உறவில்லை."

அந்தப் பக்கம் தடித்த புத்தகம் ஒன்றை மூடும் சத்தம் கேட்டது. "அந்த உறுதியிட நம்பரைத் தாறீங்களா? யொகானிட தோட்டத்தைத் தேட உதவும்," என்று கேட்டார். அஸ்மியா பெரிதாக எழுதித் தந்திருந்ததைப் பார்த்துச் சொன்னாள்.

"தேங்க்ஸ், மிஸ் இரத்தினேஸ்வரி."

மிஸ்! முப்பத்தொரு வருடம் ஊரே அழைத்த பேர். ஒரு நாளும் அது இப்படிச் சுட்டதில்லை.

அடுத்த இரண்டு ஞாயிறும் போன் அடிக்கவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் தாதி படிவத்தைப் புரட்டினாள். மச்சான் என்பது வெட்டப்பட்டு, மேலே நடுங்கும் எழுத்தில் வடக்கு எல்லை என்றிருந்தது.

"இது என்ன உறவம்மா?"

"அயல், பிள்ளை. உறுதியில இருக்கு."

"சரி, உங்களைக் கூட்டிக்கொண்டு போக ஆர் வந்திருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. ஓட்டோவில போவன்."

தாதி பச்சைத் தொப்பியை அவள் தலையில் போட்டுவிட்டாள். "போனை நிப்பாட்டித் தாங்கோ அம்மா, உள்ள கொண்டுபோக ஏலாது."

இரத்தினேஸ்வரி மங்கிய கண்ணால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தாக ஐந்து நிமிடம் இருந்தது.

"கொஞ்சம் பொறு பிள்ளை," என்று போனை மடியில் வைத்துப் பொத்திக்கொண்டாள்.

அன்று புதன்கிழமை.