கூரையில் சொருகிய கிளாஸ்

என் மகள் சென்னையில் எம்.ஏ. சமூகவியல் படிக்கிறாள். "அது படிச்சா இன்னா வேல சார் கெடைக்கும்?" என்று பக்கத்து வீட்டுக்காரர் வாரம் ஒருமுறை கேட்பார். எனக்கும் தெரியாது என்பதால், "நெறய இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுவேன். விடுமுறைக்கு வந்தவள் போன வாரம், கல்லூரி நூலகத்துத் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் வைத்து முன்னுரையைக் காட்டினாள். தம் பண்பாட்டின் கதவுகளைத் திறந்துவிட்ட மொழிபெயர்ப்பாளருக்கு நன்றி என்று போட்டு, பக்கத்தில் என் பெயர்.

"நீயாப்பா இது?"

சாம்பார்க் கையோடு புத்தகத்தை வாங்கினேன். அதற்கு முன் என் பெயர் அச்சேறியது என் கல்யாணப் பத்திரிகையில்தான்.

பக்கங்களில் பழைய தாளின் வாசனை. எனக்கோ கொசுக்களிம்பு வாசனை வந்தது. புத்தகத்தை எழுதிய வெள்ளைக்கார அம்மா காலையும் மாலையும் அதைப் பூசிக்கொள்வார். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கி, எங்கள் ஊரான அடி அண்ணாமலையில் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஆராய வந்திருந்தார். நான் பி.ஏ. முடித்துவிட்டு, எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று ஊரையே நம்பவைத்திருந்த காலம் அது. என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

எங்கள் ஊர்க்காரர்களின் சாமர்த்தியத்தைச் சொல்லியாக வேண்டும். முதல் வாரம் உள்ளதைச் சொன்னார்கள். எதைச் சொன்னால் அந்த அம்மா வேகமாக எழுதுகிறார் என்று பார்த்துக்கொண்டு, இரண்டாம் வாரத்திலிருந்து அதையே சொன்னார்கள். மாட்டுப் பொங்கலன்று மாட்டிடம் மன்னிப்புக் கேட்பது பரம்பரை வழக்கம் என்றார் என் பெரியப்பா. பெரியம்மாவிடமே அவர் கேட்டதில்லை. அதற்கும் புத்தகத்தில் இரண்டு பக்கம் இருக்கிறது.

கிரிவலப் பாதை ஓரம் என் தாய்மாமன் டீக்கடை வைத்திருந்தார். அங்கே ஒருநாள் காலனியிலிருந்து ஏழுமலை வந்தான், என் வயதுக்காரன். கூரை ஓலையில் சொருகியிருந்த கிளாஸை எடுத்து நீட்டினான். மாமா கை படாமல் உயரத்திலிருந்து டீயை ஊற்றினார். ஏன் அந்தக் கிளாஸ் என்று அந்த அம்மா கேட்க, நான் அவனிடம் கேட்டேன்.

"எங்காளுங்களுக்கு அதுலதான் குடுப்பாங்க. குடிச்சிட்டு நாங்களே கழுவி வெச்சிடணும். இது உனக்குத் தெரியாதா?"

மாமா பாய்லருக்குப் பின்னாலிருந்து என்னையே பார்த்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்: இவர்கள் சுத்தத்தில் கவனமானவர்கள், தனக்கென்று ஒரு கிளாஸ் வைத்துக்கொள்வது இங்கே வழக்கம். பண்பாடு என்பது நடுவில் நிற்கும் ஆளின் தாய்மாமன் யார் என்பதையும் பொறுத்தது. எந்தப் பாடத்திலும் இது வராது.

அந்த அம்மாவுக்கு வழக்கம் பிடித்துப்போயிற்று. மறுநாள் புதுக் கிளாஸ் ஒன்றை வாங்கி வந்து, ஏழுமலையின் கிளாஸுக்குப் பக்கத்தில் பக்தியோடு சொருகினார்.

"டேய், இன்னாடா பண்ணுது இந்தம்மா? எடுத்துடச் சொல்லுடா!" என்று மாமா பல்லைக் கடித்தார்.

ஏழுமலை என்னிடம் வந்தான். "நான் சொன்னதத்தான அதுக்குச் சொன்ன?"

"ஆமா."

"அப்பறம் ஏன் சிரிச்சிக்கினே சொருவுது?"

அதற்குள் அந்த அம்மா அவனைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார். அது புத்தகத்தில் முழுப்பக்கம் வந்திருக்கிறது. படத்தில் அவன் சிரிக்கவில்லை.

மகள் அந்தப் பக்கத்தில்தான் விரலை வைத்திருந்தாள்.

"இத வெச்சிதாம்பா என் ப்ராஜெக்ட். தனிக் கிளாஸ் நெஜமாவே இருந்துச்சா?"

"இருந்துச்சி பாப்பா. அந்தக் காலத்துலயே நம்ம ஊர்ல சுத்தம் ஜாஸ்தி."

"எல்லாருக்குமா? செல பேருக்கு மட்டுமா?"

ஆறு மாதம் தங்கியிருந்த அம்மா கேட்காத கேள்வி. சொல்லிவிட்டேன். பாய்லரையும் மாமாவின் பார்வையையும் சேர்த்தே சொன்னேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அப்ப நீ எந்தக் கிளாஸ்ல குடிச்ச?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கூரை இப்போது இல்லை. மாமாவும் இல்லை. பௌர்ணமிக் கூட்டத்துக்குக் கிளாஸ் கழுவி மாளாமல் பேப்பர் கப் வந்தது. அதோடு தனிக் கிளாஸ் போனது. நாங்கள் திருந்திவிட்டதாகக் கல்யாண வீடுகளில் பேசிக்கொள்கிறோம். நாங்களாக எதையும் விடவில்லை.

மறுநாள் காலை, காலனிக்குப் போய் ஏழுமலையைப் பார்க்க மகள் ஸ்கூட்டரை எடுத்தாள்.

"நானும் வரேன் பாப்பா. எனக்கு அங்க எல்லாரையும் தெரியும்."

"வேணாம்பா. எனக்குத் தமிழ் தெரியும்."

சின்ன வயதில் யார் வீட்டுக்குப் போனாலும், "அங்க இன்னாப்பா சொல்லணும்?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் படி இறங்குவாள். அன்று கேட்கவில்லை.