ஏழாவது மன்றாட்டு

ஜெராட் அண்ணைக்கு அறுபதாகப் போகிறது. பிரெஞ்சு பேசும் ஒரு கனடிய நகரத்தில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் மூன்றாம் மாடி வீடு. ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் பத்தொன்பது வருட வேலை. படியேறும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்குவார். ஞாயிறுகளில் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கக் கோயிலில் வேத வாசகம் வாசிப்பார்.

தூய ஆவி இறங்கிய பெந்தகோஸ்துத் திருநாளுக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆவியின் கொடைகள் ஏழு என்பதால் பூசையில் வாசிக்கும் வேண்டுதல்களான மன்றாட்டுகளும் ஏழு, ஏழு மொழிகளில். ஏழாவதை மலையாளத்தில் வாசித்த தாதி இந்த வருடம் ரொறன்ரோவுக்குப் போய்விட்டா.

"இத்தாலியனில ஒண்டைப் போனில மொழிமாத்தி எடுப்பம் அண்ணை. ஆருக்கு விளங்கப் போகுது?" என்றான் கோயில் கமிட்டி றொக்சன்.

"விளங்காட்டி ஏன் வாசிக்கிறம்?" என்றார் ஜெராட் அண்ணை.

"நீங்கள் வருசா வருசம் லத்தீன் வாசிக்கிறீங்களே, அது ஆருக்கு விளங்குது?"

எல்லாரும் சிரித்தார்கள். சிங்களம் என்று ஒருவரும் சொல்லவில்லை. பதினைந்து வருடமாக மொழிப் பட்டியல் போடுகிறவர் ஜெராட் அண்ணை, அவரும் சொன்னதில்லை. அவருக்குச் சிங்களம் தெரியும் என்பது மனைவி றோசாக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

மன்னாரிலிருந்து பதினாறு வயதில் கொழும்புக்குப் போய்த் தேத்தண்ணிக் கடையில் நின்று பழகிய சிங்களம் அது. எண்பத்திமூன்றில் தமிழரைத் தேடி அடித்த கலவரத்தில் ரோட்டில் மறித்துக் கேட்டவர்களுக்கு அந்த மொழியில் பதில் சொல்லித் தப்பினார். பக்கத்தில் நின்ற தமிழ் முதலாளிக்கு வாய் வரவில்லை, அவர் தப்பவில்லை. அதற்குப் பிறகு அந்த மொழியில் ஒரு சொல்லும் பேசியதில்லை.

சலவைப் பகுதியில் ஈரப் படுக்கைவிரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சூட்டு உருளைக்குள் விடவேண்டும். ஆறு வருடமாக மற்றப் பக்கம் பிடிப்பவ நீர்கொழும்பிலிருந்து வந்த சிங்களப் பெண் ஷிராணி. இருவருக்கும் இடையில் உடைந்த பிரெஞ்சுதான். அவ காதில் போனை மாட்டிக்கொண்டு மகனோடு சண்டை பிடிப்பா, தங்கச்சியோடு ஊர்க்கதை கதைப்பா. எல்லாம் ஜெராட் அண்ணைக்கு விளங்கும். முகத்தை மட்டும் விரிப்பைப் போல வெளுப்பாக வைத்திருப்பார்.

திருநாளுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை அந்தப் போனில் அவவுடைய தாய் செத்த செய்தி வந்தது. அகதி வழக்கு முடியவில்லை, போகமுடியாது. ஒருவரிடமும் சொல்லாமல் அவ அடுத்த விரிப்பை எடுத்தா.

அன்று பின்னேரம் ஜெராட் அண்ணை சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

"அப்போஸ்தலர் பேசினதை வந்திருந்த சனம் எல்லாம் தங்கட தங்கட பாசையில கேட்டது எண்டு ஒவ்வொரு வருசமும் வாசிக்கிறன், றோசா. நானும் ஆறு வருசமாக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். கேக்கிறன் எண்டு அவவுக்குத் தெரியாது. அது களவெல்லே?"

"அப்ப சொல்லுங்கோவன்."

"வாய் வராது."

புதன்கிழமை காலை, விரிப்பு கையில் இருக்கும்போதே, சிங்களத்தில் கேட்டார்: "அம்மாவுக்கு எத்தினை வயசு?"

ஷிராணியின் கை நின்றது. விரிப்பு கோணலாகி உருளைக்குள் சுருண்டது. மேற்பார்வைக்காரன் ஓடிவந்து மெசினை நிறுத்தினான்.

"ஆறு வருசமும் விளங்கினதா?" அவவும் சிங்களத்தில்.

"ஓம்."

"மகனைப் பேசினது?"

"ஓம்."

"உம்மைக் கிழட்டுக் கோயில் மணி எண்டு தங்கச்சிக்குச் சொன்னது?"

"அதுவும்."

அவ சிரிக்கவில்லை. மற்ற மெசினுக்கு மாறிப் போனா. இரண்டு நாள் ஜெராட் அண்ணையின் மறுபக்கம் ஒரு புதுப் பெடியன் நின்றான். விரிப்புகள் எல்லாம் சுருக்கத்தோடு வந்தன.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஜெராட் அண்ணை போய் அவ முன்னால் இருந்தார். ஏழாவது மன்றாட்டு இறந்தவர்களுக்கானது, சிங்களத்தில் வந்து வாசிக்கமுடியுமா என்று கேட்டார்.

"உங்கட சனத்துக்கு முன்னாலயோ? என்னால ஏலாது." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னா. "உமக்குத்தானே தெரியும். நீர் வாசியும். இந்த முறை நான் இருந்து கேக்கிறன்."

அவ வாசித்தால் தான் தப்பலாம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அது இப்போது கையை விட்டுப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் திருநாளின் நிறத்தில் சிவப்புச் சேலைகள், சிவப்புச் சட்டைகள். ஆறு மன்றாட்டும் முடிந்தது. ஜெராட் அண்ணை போய் மைக்கைப் பிடித்தார். முதல் சிங்களச் சொல்லுக்கே கோயில் விறைத்தது. முன்வரிசையில் ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவவைத் திரும்பிப் பார்த்தா. வேதத்தில் வந்ததுபோலக் காற்றும் வரவில்லை, நெருப்பும் வரவில்லை. அவருடைய குரல் இரண்டு இடத்தில் இடறியது. நீர்கொழும்பில் இறந்த ஒரு தாய்க்காக என்று சொன்னார். பிறகு பட்டியலில் இல்லாத ஒன்றையும் சேர்த்தார்: கொழும்பில், வாய் வராமல் நின்ற ஒரு மனிதனுக்காக. முடித்ததும் பதில் செபத்தைப் பூசை வைத்த சுவாமி தொடங்க, சனம் பிந்தித்தான் சேர்ந்தது.

கடைசி வரிசை வாங்கில் கதவோரம் ஷிராணி இருந்தா, கோட்டைக் கழற்றாமல். பூசை முடிய முதலே போய்விட்டா.

"அண்ணை, முதலே சொல்லியிருக்கலாம். நாலைஞ்சு பேர் குழம்பிப்போய் நிக்கினம்," என்றான் றொக்சன்.

"பேந்து கதைப்பம் தம்பி. களைப்பா இருக்கு."

திங்கட்கிழமை காலை அவர் விரிப்பை எடுத்து உதறினார். மறுபக்க மூலையைப் பெடியனை முந்தி ஒரு கை வந்து பிடித்தது. இரண்டு பேரும் இழுத்து நேராக்கி உருளைக்குள் விட்டார்கள்.

"அம்மாவுக்கு எண்பத்திரண்டு," என்றா ஷிராணி.