மேளக்காரம்மா பார்த்த கை

மரத்தரையில் கனத்த பூட்ஸ் கால் "டொக் டொக்" என்று விழும் சத்தமும், பிடில் வில்லில் தேய்க்கிற பிசினின் வாசனையும் சேர்ந்து எங்கேயாவது வந்துவிட்டால் போதும், எனக்கு வயது பத்தாகிவிடும். ஊர் டெக்சாஸில் ரிச்சர்ட்சன், மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. எங்கள் அபார்ட்மென்டுக்குப் பக்கத்து நூலகத்தின் பின்னறையில் அந்த நாலு பேரும் அப்போதுதான் வந்து வாசிப்பார்கள். வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் பிடில், அவருடைய மகன் தகரக் குழல், ஒல்லி மனிதர் ஒருவர் கிடார், அப்புறம் நரைத்த பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, வட்டமான தோல் மேளம் ஒன்றைத் தொடைமேல் நிறுத்திச் சின்னக் குச்சியால் வாசிக்கிற ஓர் அம்மாள். எல்லாம் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்துக் கிராமத்துப் பாட்டுகள். மைக் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது, கேட்க வருவதும் மிஞ்சிப்போனால் இருபது பேர்.

அங்கே போக வேண்டும் என்று நான் ஒன்றும் அடம்பிடிக்கவில்லை. போனது அம்மாவுக்காக. அம்மாவுக்கு அப்போது "டிபெண்டன்ட் விசா", வேலைக்குப் போக முடியாது. கார் ஓட்டத் தெரியாது. அப்பாவையோ ஆபீஸ் சனிக்கிழமையும் விடாது. கோபிசெட்டிபாளையத்தில், வாசலில் வந்து நின்றால் பத்துப் பேர் பேச்சுக் கொடுக்கிற தெருவில் வளர்ந்தவள், இங்கே மத்தியானம் தபால் வண்டி வரும் நேரத்துக்குப் பால்கனியில் போய் நிற்பாள். எங்களுக்குக் கடிதம் போட ஆளே கிடையாது, ஆனாலும் நிற்பாள். தபால்காரர் ஒருநாளும் தலை நிமிர்ந்து பார்த்ததில்லை. வெயிலில் நடந்து போகிற தூரத்தில் இருந்தது அந்த நூலகம் ஒன்றுதான், அதனால் போனோம்.

அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, முறையாகப் பாட்டுக் கற்றவர். அவர் பாட, பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டே வளர்ந்தவள் அம்மா. "எனக்குத் தொண்டை கிடையாது கண்ணு, கைதான்" என்பாள். முதல் மாதம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் கை தானாகவே கிளம்பிவிட்டது. ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. "எல்லாம் நம்ம தகிட தகிடதான் கண்ணு, ரெண்டு சுத்துல ஒரு வரி முடியுது பாரு" என்று என் காதில் சொன்னாள். அந்த நாட்டுக்கு வந்த பிறகு எதையோ ஒன்றைத் தானாகக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவள் முகத்தில்.

அதை முதலில் கவனித்தது அந்த மேளக்கார அம்மாள். எங்கள் வீட்டில் அவருக்குப் பேரே "மேளக்காரம்மா" என்று ஆகிவிட்டது. அம்மாவின் சுற்று முடிந்து மறுபடி தட்டு விழும் இடத்தில், அவர் சரியாக நிமிர்ந்து, அம்மாவின் கையைப் பார்த்து மோவாயை லேசாகத் தூக்குவார். அவ்வளவுதான். அம்மா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். மாதாமாதம் இது நடந்தது. ஒருநாள் முடிந்ததும் அவரே எழுந்து வந்து, மேளத்தை அம்மாவின் மடியில் வைத்தார். அம்மா கூச்சப்பட்டுக்கொண்டே விரலால் கஞ்சிரா மாதிரி நாலு தட்டுத் தட்டினாள். அவருடைய வேகமான இங்கிலீஷ் அம்மாவுக்குப் பாதி புரியவில்லை, ஆனால் பேர் கேட்டது புரிந்தது. அன்றைக்கு அப்பா ஷூவைக் கழற்றுவதற்குள், "ஏனுங்க, அந்த மேளக்காரம்மா இன்னைக்கு எம் பேரைக் கேட்டாங்க" என்று சொல்லிவிட்டாள். விசா ஆபீசை விட்டால் அந்த நாட்டில் அம்மாவின் பேரைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அதற்குப் பிறகு சனிக்கிழமை வருவதற்கு நாலு நாள் முன்னாலேயே எந்தச் சுடிதார் போடுவது என்று என்னிடம் யோசனை கேட்பாள். பால்கனியில் போய் நிற்பதுகூட நின்றுபோயிருந்தது.

இனிமேல் சொல்லப்போவதைச் சொல்லக் கூசுகிறது. அந்த வருஷம் குளிர் ஆரம்பித்த மாதம், என் வகுப்புப் பெண் ஒருத்தி அவள் அம்மாவோடு வந்து எங்களுக்கு முன்வரிசையில் உட்கார்ந்தாள். பாட்டு நடுவே திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். அப்புறம் என்னிடம், உங்கம்மா என்னத்தை எண்ணுகிறார்கள் என்று கேட்டுவிட்டு, தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டிச் சிரித்தாள். கெட்ட பெண் ஒன்றும் இல்லை, தெரியாமல் கேட்டாள். எனக்கோ மானமே போய்விட்டது. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தி, அந்தப் பெண்ணுக்கும் கேட்கட்டும் என்று இங்கிலீஷிலேயே சொன்னேன்: "ஸ்டாப் இட், அம்மா. எவ்ரிபடி இஸ் லுக்கிங்."

அம்மா கையை எடுத்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சுற்று முடிகிற இடம் வந்தது. மேளக்காரம்மா வழக்கம்போல நிமிர்ந்தார். கையைக் காணவில்லை. அடுத்த சுற்றிலும் நிமிர்ந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் தன் மேளத்தையே பார்த்து வாசித்தார். பாட்டு முடிந்து எல்லோரும் கை தட்டியபோதுகூட அம்மாவின் கை வெளியே வரவில்லை. திரும்பும் வழியெல்லாம் நான்தான் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தேன்.

அடுத்த மாதம் கால் வலி என்றாள். அதற்கடுத்த மாதம் துணி துவைக்க வேண்டும் என்றாள். மூன்றாவது மாதம் நான் கேட்கவே இல்லை. கேட்டால் காரணத்தைச் சொல்லிவிடுவாளோ என்ற பயம், வேறென்ன. தபால் வண்டி நேரத்துக்கு மறுபடியும் பால்கனியில் நிற்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கீழேயிருந்து பார்ப்பேன். பார்த்தும் பார்க்காத மாதிரி படியேறிவிடுவேன்.

போன வருஷம் ரிச்சர்ட்சனுக்குப் போயிருந்தபோது நூலகத்துக்குள் நுழைந்து பார்த்தேன். பின்னறையில் மரத்தரையைக் காணோம். கார்ப்பெட் போட்டு, வரிசையாகக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு அப்படி ஒரு குழு வாசித்ததே தெரியவில்லை. மேளக்காரம்மாவின் பேரைச் சொல்லி விசாரிக்கலாம் என்றால், அது எனக்குத் தெரியாது. அவர் அம்மாவின் பேரைக் கேட்டார். நாங்கள் யாரும் அவர் பேரைக் கேட்கவில்லை.

போன மாதம் அம்மாவும் அப்பாவும் சன்னிவேலில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அயர்லாந்துக் குழு ஒன்று வாசிக்கிறது என்று டிக்கெட் எடுத்து, அம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய அரங்கம், ஆள் உயர ஸ்பீக்கர்கள், மேடையில் மட்டும் வெளிச்சம், நாங்கள் இருந்த பக்கம் கும்மிருட்டு. மூன்றாவது பாட்டு "தகிட தகிட" என்று கிளம்பியது எனக்கே தெரிந்தது. அம்மாவின் இரண்டு கைகளும் மடியில் கைப்பையைப் பிடித்தபடியே இருந்தன. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்தேன்.

"தாளம் போடும்மா. இங்க யாரும் பாக்கலை."

அம்மா மேடையில் மேளம் வாசித்த பையனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணுக்கு நேரே விளக்கு. நாங்கள் அவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

"ஆமாங் கண்ணு," என்றாள். "யாரும் பாக்கலை."